நூல் காட்டும் தூரம், சீட்டு காட்டும் நேரம்

கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் போதும். நடுவே எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று அடுத்த நொடியே சொல்லிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்துக்காரர் ஒருவர், மகளோ மருமகனோ வேலைக்குப் போயிருக்கும் ஐரோப்பிய ஊரைத் தட்டிப் பார்க்கிறார். ஒன்பதரை மணி நேரம் என்று வருகிறது. திருவண்ணாமலை போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புகிற நேரத்தில் பாதி ஐரோப்பாவைத் தொட்டுவிடலாம் போலிருக்கிறதே என்று மகிழ்ந்துபோகிறார். அப்புறம் பயணச்சீட்டு வருகிறது. அதில் ஒன்றரை நாள் போட்டிருக்கிறது.

பயணச்சீட்டு முகவர் ஏமாற்றுகிறாரா, கைபேசி பொய் சொல்கிறதா? இரண்டும் இல்லை. கைபேசி கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் விடை சொன்னது. ஆனால் அது ஒரு கற்பனை விமானத்தைப் பற்றிய விடை. அந்தக் கற்பனை விமானம் ஏன் கிளம்புவதில்லை என்பதில் வடிவியல் கொஞ்சம் இருக்கிறது, காற்று கொஞ்சம் இருக்கிறது, எடை நிறைய இருக்கிறது.

இரண்டு சிறிய ஊர்கள்

கணக்குப் போட ஒரு சோடி வேண்டும். இரண்டு முனையும் சிறிய ஊராக இருக்கட்டும்; சென்னை, லண்டன் என்று எடுத்தால் விஷயம் பிடிபடாது.

ஒரு முனை புதுச்சேரி. கண்டாச்சிபுரத்துக்கு மிக அருகில் பயணிகள் விமானம் வந்துபோகும் இடம் லாஸ்பேட்டையில் உள்ள இந்த விமான நிலையந்தான். விழுப்புரம் வழியாகப் போனால் எழுபது கிலோமீட்டர் போல. சிற்றூர்களுக்கு விமானம் விட உதவும் அரசின் உடான் திட்டத்தில் 2017இல் ஐதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட் பறந்தது, பின்னர் நின்றது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏடிஆர் என்ற சிறு சுழலி விமானங்களை விட்டது.

மறுமுனைக்குத் தமிழர் குடியேறிய ஊர்களிலேயே வடகோடியில் இருப்பவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: நார்வேயின் பின்மார்க் பகுதியில், பேரன்ட்ஸ் கடலோரம் இருக்கும் போட்ஸ்ஃபியோர்ட். மீன்பிடித்து வாழும் சிற்றூர். 1980களிலிருந்து யாழ்ப்பாணத் தமிழர் பலர் இந்தக் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் மறைவதில்லை, குளிர்காலத்தில் பல வாரம் எழுவதில்லை. அப்படிப்பட்ட ஊருக்கும் ஒரு விமான நிலையம் உண்டு. 1999இல் திறந்தார்கள். ஓடுபாதை சுமார் 1,000 மீட்டர்.

உருண்டையில் ஒரு நூல்

பள்ளிக்கூட அறிவியல் அறையில் உள்ள உலக உருண்டையை இறக்கி வையுங்கள். குறுக்களவு 30 செ.மீ. இருக்கும் என்று கொள்வோம். புதுச்சேரிக்கு மேல் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைப் போட்ஸ்ஃபியோர்டில் வைத்துத் தளர்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். இந்த வழியை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் அது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டமாகும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். நம் நூல் படிந்திருப்பது சாய்ந்த இன்னொரு பெருவட்டத்தின் துண்டு.

இப்போது நூலை எடுத்து அளவுகோலில் வையுங்கள். 17.3 செ.மீ. இருக்கும். உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆக உருண்டையில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் ஏறக்குறைய 425 கி.மீ. பெருக்கிப் பார்த்தால் 7,350 கி.மீ. அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணினி போடும் துல்லியக் கணக்கில் சுமார் 7,360 வருகிறது. பத்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி துருவங்களில் சற்றே அமுங்கிய உருண்டை என்பதால் கணினிக் கணக்கிலேயே அதைவிடப் பெரிய பிழை இருக்கலாம்.

நூலை எடுக்கும் முன் அது எந்த ஊர்களைத் தொட்டுப் போகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். நார்வே நமக்கு மேற்கே ஐம்பது பாகை தள்ளி இருக்கிறது. அதனால் வடமேற்காகச் சாய்ந்து கிளம்பும் என்று நினைப்போம். நூலோ கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்புகிறது. மேற்குப் பக்கம் பதினாறு பாகைதான் சாய்வு. ஐதராபாத்துக்குச் சற்று மேற்கே, பிறகு மத்தியப் பிரதேச எல்லை, ராஜஸ்தான், பாகிஸ்தான் பஞ்சாபில் பைசலாபாத் பக்கம், இந்துகுஷ் மலை, தஜிகிஸ்தான், தாஷ்கண்டின் ஓரம், கஜகஸ்தான் புல்வெளி, யூரல் மலை, பெர்ம் நகரம், வெண்கடல், கோலா தீபகற்பம், அப்புறம் போட்ஸ்ஃபியோர்ட். நார்வேக்குப் போகும் குறுக்குவழி தாஷ்கண்ட் வழியாக என்று சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

விமானத்தில் முன்னிருக்கைத் திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவதும் இதனால்தான். வளைந்திருப்பது விமானம் போகும் வழியன்று. உருண்டையைத் தட்டையாக்கிய வரைபடம். ஆனால் இந்த வளைவைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும் சேர்த்தி) கொஞ்சம் மிகைப்படுத்துவதுண்டு. நம் சோடியில், தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, திசைகாட்டியை ஒரே பாகையில் பிடித்துக்கொண்டு போனால் 7,480 கி.மீ. ஆகும். பெருவட்டத்தைவிட 120 கி.மீ. கூடுதல், பறக்கும் நேரத்தில் எட்டு நிமிடம். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன்ற சோடிகளில்தான் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். ஒன்றரை நாள் எங்கே போனது என்ற நம் புதிருக்கு வளைவு விடை சொல்லாது.

வேகத்தால் வகுத்தால்

தொலைதூர ஜெட் விமானம் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 7,360ஐ 900ஆல் வகுத்தால் எட்டு மணி பத்து நிமிடம் சொச்சம். ஆனால் அந்த 900 நடுவழியில்தான் உண்டு. கிளம்பும்போது ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், ஏற வேண்டும், இறங்கும்போது வேகம் குறைத்து வரிசையில் காத்திருந்து வர வேண்டும். சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைப்பது வரையிலான நேரத்தைத்தான் விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுகின்றன. இதைக் கட்டை நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டை நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஜெட் என்றால் தூரத்தை 800 அல்லது 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். சுழலி பூட்டிய ஏடிஆர் என்றால் 500ஆல் வகுத்து இருபத்தைந்து நிமிடம் கூட்டுங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்க்கோட்டில் சுமார் 530 கி.மீ. 500ஆல் வகுத்தால் ஒரு மணி நான்கு நிமிடம். இருபத்தைந்தைச் சேர்த்தால் ஒன்றரை மணி. ஏடிஆர் அட்டவணையும் ஏறக்குறைய அதையே சொல்லும்.

இந்தக் கூட்டுத்தொகைதான் குறுகிய பயணங்களைக் கெடுக்கிறது. நீண்ட பயணத்தில் அரை மணி நேரம் சோற்றில் உப்புப் போலக் கரைந்துவிடும். நூறு கிலோமீட்டர் பயணத்தில் அதுவே பாதிக்கு மேல். அடிக்கடி ஏறி இறங்கும் பயணியிடம் ஒவ்வொரு முறையும் அந்த அரை மணி வசூலிக்கப்படுகிறது.

புதுச்சேரி–போட்ஸ்ஃபியோர்ட் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் ஒன்பது மணி நாற்பது நிமிடம். கைபேசி சொல்லும் விடை இப்படித்தான் வருகிறது. இந்தத் தூரத்துக்கு இது நியாயமான எண்தானா என்று சோதிக்க ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர்தூரம் சுமார் 7,400 கி.மீ., கிட்டத்தட்ட நம் நூலின் அதே நீளம். அங்கே நேரடி விமானம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. போகும்போது ஏறத்தாழ ஒன்பதரை மணி, திரும்பும்போது அதைவிடக் குறைவு. எனவே கைபேசியின் கணக்கில் குற்றமில்லை.

காற்றின் பங்கு

திரும்பும்போது ஏன் குறைவு? பூமி சுழல்வதால் ஊர் நம்மை நோக்கி வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது; விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது. வித்தியாசம் காற்று தரையைவிட எவ்வளவு முந்தி ஓடுகிறது என்பதில்தான்.

நடு அட்சங்களில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒடுங்கிய வாய்க்கால் போல விரையும் காற்றோட்டம் உண்டு. தாரைக்காற்று என்போம். குளிர்காலத்தில் மணிக்கு இருநூறு கி.மீ.க்கு மேலும் வீசும். 1920களில் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேல் பறந்த அமெரிக்க விமானிகள் எதிர்காற்றில் தவித்தபோதுதான் அதன் வலிமை பலருக்கும் புரிந்தது. 2020 பிப்ரவரியில் ஒரு புயலோடு சேர்ந்து வந்த இந்தக் காற்றின் முதுகில் ஏறி, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை ஐந்து மணி நேரத்துக்குள் தொட்டது.

நம் தலைக்கு மேலும் ஒரு தாரைக்காற்று உண்டு, ஆனால் எதிர்த்திசையில். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே பதினான்கு, பதினைந்து கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வீசுவது. இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை உலகுக்கு எடுத்துக்காட்டியது. அதன் உச்சம் பயணிகள் விமானங்களுக்கு மேலே இருப்பதால் நம் கணக்கை அதிகம் தொடுவதில்லை.

பெங்களூர்–பிராங்க்பர்ட் வழியில் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று என்று கொள்வோம். போகும்போது தரைக்கு மேல் வேகம் 850. வானில் எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். திரும்பும்போது 950, ஏழு மணி நாற்பத்தேழு நிமிடம். ஐம்பத்தைந்து நிமிட வித்தியாசம், மிதமான காற்றிலேயே. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: காற்றே இல்லாவிட்டால் ஆகியிருக்கும் நேரத்தைவிட மூன்று நிமிடம் கூடுதல். போகும்போது தொலைத்ததைத் திரும்பும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம் இருக்கிறோம் அல்லவா?

இதனால் நீண்ட வழியே குறுகிய நேரமாவதும் நடக்கும். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆக ஏறியது. நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. முழுக்க முழுக்கப் பின்காற்றின் புண்ணியம்.

நம் நூல்வழிக்கு இந்த லாபமும் நட்டமும் சிறியவைதான். அது வடக்கு நோக்கிப் போவதால் மேற்குக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் மோதும். ஆக, காற்றும் ஒன்றரை நாளை விளக்கவில்லை.

ஆயிரம் மீட்டரும் மூவாயிரம் மீட்டரும்

விஷயத்தின் கனம் இங்கே இருக்கிறது, கனம் என்ற சொல்லின் நேர்ப்பொருளிலேயே.

இறக்கை விமானத்தைத் தூக்குவது காற்றைக் கீழே தள்ளி. வேகம் இருமடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். மாற்றிச் சொன்னால், கனமான விமானம் தரையைவிட்டு எழ அதிக வேகம் எடுக்க வேண்டும். அந்த வேகத்தை எட்ட நீண்ட ஓடுபாதை வேண்டும். அது மட்டும் போதாது. வேகமெடுத்து ஓடும்போது ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் பிரேக் பிடித்து நிற்கவும் பாதை மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி.

கனம் எங்கிருந்து வருகிறது? பயணிகளிடமிருந்து என்று நினைப்போம். நீண்ட பயணத்தில் பெருங்கனம் எரிபொருள்தான். போயிங் 777-300ஈஆர் விமானம் முழுச் சுமையில் 351 டன் எடையோடு கிளம்பலாம். அதன் தொட்டிகளில் மட்டும் 145 டன் எரிபொருள் பிடிக்கும். ஐந்நூறு பேர் ஏறினாலும் மூட்டைமுடிச்சோடு ஐம்பது டன்னைத் தாண்டாது. இன்னொரு வேடிக்கை: எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எரிபொருளில் மணிக்கு மூன்று நான்கு சதவீதம், அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கே எரிந்துவிடும் என்பது விமானிகளின் பொதுக் கணக்கு. ஒன்பது மணி நேரம் கழித்துத் தேவைப்படும் ஒரு டன்னைச் சேர்க்க, கிளம்பும்போது ஒன்றே கால் டன்னுக்கு மேல் ஊற்ற வேண்டும். இத்தனையையும் தூக்க அந்த விமானம் தரையில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் போல ஓடுபாதை கேட்கும்.

ஏடிஆர் 72-600இன் உச்ச எடை 23 டன். எரிபொருள் ஐந்து டன்தான் பிடிக்கும். அதற்கு மணிக்கு இருநூறு கி.மீ. சுற்று வட்டாரத்தில் ஓடினால் போதும். புதுச்சேரியின் சுமார் 1,500 மீட்டர் ஓடுபாதையில் தாராளமாக எழும்பும். சித்திரை வெயில் நண்பகலில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். சூடான காற்று இளகி நிற்கும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், ஓட்டம் நீளும். புதுச்சேரி ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. நீட்ட வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்துப் பக்கம் வருகிறது. அது இழுபறியாகவே இருக்கிறது.

போட்ஸ்ஃபியோர்டில் காற்று குளிர்ந்து அடர்ந்திருப்பதால் எழும்புவது எளிது. பனி மூடிய பாதையில் நிற்பதுதான் கடினம். அங்கே விடெரோ நிறுவனம் முப்பத்தொன்பது பேர் அமரும் டேஷ் 8 என்ற சிறு விமானத்தை ஓட்டுகிறது. எடை பதினாறு டன் அளவு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 7,360 கி.மீ. ஒரே மூச்சில் பறக்கக்கூடிய பயணிகள் விமானம் இந்த இரண்டு ஊரிலும் இறங்க முடியாது. இரண்டு ஊரிலும் இறங்கக்கூடிய விமானம் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. பயணிகள் நிறைந்த ஏடிஆர் 1,500 கி.மீ. போனாலே பெரிது. கைபேசியின் ஒன்பதரை மணி நேரத்தில், போயிங்கின் தொட்டியும் டேஷ் 8இன் சக்கரமும் பூட்டிய ஒரு விமானம் பறக்கிறது. அப்படி ஒன்றை யாரும் கட்டவில்லை. எடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இருக்கும் வரை கட்டுவதும் எளிதன்று.

ஏடிஆரையே தாவித் தாவி ஓட்டினால்? ஆசைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூல்வழியை ஆறு துண்டாக வெட்டி, ஐந்து இடத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போகலாம். வானில் பதினான்கே முக்கால் மணி, ஆறு முறை இருபத்தைந்து நிமிடம், நடுவில் முக்கால் மணி வீதம் ஐந்து நிறுத்தம். மொத்தம் இருபத்தொரு மணி நேரம். சீட்டில் போட்டிருந்த ஒன்றரை நாளைவிட இது குறைவு! வேகம் பாதிதான் என்றாலும், சுற்றாமல், மாறாமல் போவதால் வந்த மிச்சம். ஆனால் அதுவும் நடக்காது. ஏடிஆர் ஏறக்கூடிய உச்ச உயரம் சுமார் 7,600 மீட்டர். நம் நூல் இந்துகுஷைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் திரிச் மீர் சிகரம் 7,708 மீட்டர். ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் இன்னும் தாழ்வாகத்தான் பறக்க முடியும்.

மலை இல்லாவிட்டாலும் வேலி இருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டது. இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் மூடியது. நம் நூலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி இந்த இரண்டு வானத்திலும், ஆப்கான் எல்லை ஓரத்திலும் கிடக்கிறது. உருண்டையில் நூல் வைக்கும்போது நாட்டு எல்லைகள் கைக்குத் தட்டுப்படுவதில்லை.

விழுப்புரத்தில் மாறிக்கொள்

கண்டாச்சிபுரத்திலிருந்து சிதம்பரம் போக வேண்டும் என்றால் நேர்ப் பேருந்து எப்போது வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. விழுப்புரம் போய் மாறிக்கொள்கிறோம். கண்டாச்சிபுரத்திலிருந்து சிதம்பரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பேருந்து நிரம்ப ஆள் கிடையாது, விழுப்புரத்துக்கு உண்டு. விமானங்களுக்கும் இதே கதைதான். பெரிய நிலையங்களை விழுப்புரமாக வைத்துக்கொண்டு சிற்றூர்களைக் கிளைகளாக முடிகிறார்கள்.

நூறு ஊர்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 4,950 வழித்தடங்கள் தேவை. ஒரு சந்திப்பை நடுவில் வைத்தால் தொண்ணூற்றொன்பது போதும். மிச்சமாகிற ஒவ்வொரு வழித்தடத்துக்கும் விமானம், விமானி, எண்ணெய் எல்லாம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு விலை பயணியின் நேரம். சிற்றூர் பயணி இரண்டு முனையிலும் இந்த விலையைக் கொடுக்கிறார்.

கிளைகளே நட்டத்தில் ஓடும்போது அரசு கைகொடுக்க வேண்டியிருக்கிறது. நம் உடான் திட்டம் நட்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. நார்வேயில் வடகோடி ஊர்களுக்கு விமானம் விடுவதைப் பொதுச் சேவையாகக் கருதி அரசே ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறது. புதுச்சேரியின் சேவை வந்து வந்து நின்றதையும், போட்ஸ்ஃபியோர்டுக்கு விமானம் தொடர்ந்து போவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரின் அளவைவிட அரசின் பிடிவாதம்தான் அட்டவணையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டிப் பார்ப்போம்

ஆகக் கிடைக்கும் ஒரு வழி இது: புதுச்சேரி–பெங்களூர் 266 கி.மீ.; பெங்களூர்–பிராங்க்பர்ட் 7,400; பிராங்க்பர்ட்–ஆஸ்லோ 1,140; ஆஸ்லோவிலிருந்து ரஷ்ய எல்லையோரக் கிர்க்கெனஸ் 1,370; அங்கிருந்து போட்ஸ்ஃபியோர்ட் 98. கூட்டினால் 10,270 கி.மீ. சொச்சம். நூலைவிட நாற்பது சதவீதம் அதிகம்.

நம் கைக்கணக்கின்படி கட்டை நேரம்: ஒரு மணி, ஒன்பதே கால், இரண்டு, இரண்டே கால், அரை. மொத்தம் பதினைந்து மணி. கவனியுங்கள்: தூரம் நாற்பது சதவீதம் ஏறியதற்கு நேரம் ஐம்பத்தைந்து சதவீதம் ஏறியிருக்கிறது. ஐந்து முறை ஊர்ந்து, ஏறி, இறங்கிய கூலி அது. கடைசித் துண்டில் அது அப்பட்டமாகத் தெரியும். 98 கி.மீ.க்கு அரை மணி என்றால் மணிக்கு இருநூறுக்கும் கீழே. சென்னை–விழுப்புரம் ரயிலைவிட வேகந்தான், ஆனால் விமானம் என்று சொல்லிக்கொள்ளும் வேகமன்று.

பதினைந்து போக மீதி இருபது மணி நேரம் விமான நிலைய நாற்காலியில். இதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெங்களூரிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானங்கள் பெரும்பாலும் பின்னிரவில் கிளம்புகின்றன. தூக்கத்தைக் கெடுக்கவென்றே வைத்த நேரமன்று. ஐரோப்பாவின் காலை நேரத்தில் போய் இறங்கினால்தான் அங்கிருந்து நாலாபக்கமும் கிளம்பும் காலை விமானங்களைப் பிடிக்க முடியும். புதுச்சேரி ஏடிஆர் பகலில் வந்து இறக்கிவிடும். நடுவில் உள்ள மாலையும் முன்னிரவும் பயணியின் தலையில். வடக்கே போகப்போக விமானங்கள் நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்து, ஆஸ்லோவிலோ கிர்க்கெனஸிலோ ஒரு ராத்திரி தங்க நேரும்.

சீட்டைப் படிக்கும்போது இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரத்தில், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரத்தில் போட்டிருக்கும். இந்தியாவுக்கும் நார்வேக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி வித்தியாசம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிக் காலை ஒன்பது மணிக்கு இறங்குவதாகச் சீட்டு சொன்னால், வீட்டில் கழித்துப் பார்த்து ஆறு மணிப் பயணம் என்று சந்தோஷப்பட வேண்டாம். கோடையில் அது ஒன்பதரை.

இதே கணக்கு, பக்கத்துக் கரைக்கு

எடை, எரிபொருள், மலை என்று காரணம் சொன்னேன். இவை ஒன்றுமே குறுக்கே நிற்காத ஒரு சோடியையும் பார்த்துவிடலாம். உருண்டையில் நூல் வைக்கக்கூட இடமில்லாத நெருக்கம் அது: புதுச்சேரியும் யாழ்ப்பாணத்துப் பலாலியும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சத்தில் இரண்டே சொச்சம் பாகை வித்தியாசம். பாகைக்கு 111 கி.மீ. வீதம் கணக்கிட்டால் நேர்தூரம் சுமார் 244 கி.மீ., பெங்களூரைவிடக் கிட்டம். இரண்டு ஓடுபாதையிலும் ஏடிஆர் இறங்குகிறது. வழியெங்கும் கடல், மலை இல்லை. 500ஆல் வகுத்தால் அரை மணி. இருபத்தைந்து நிமிடம் கூட்டினால் ஒரு மணிக்கும் குறைவு. போய்வர ஒரு தொட்டி எண்ணெயே போதும்.

பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து இன்னொரு இண்டிகோவும் வந்தன. ஆனால் புதுச்சேரியில் குடியேற்றச் சோதனை மேசையும் சுங்க மேசையும் இல்லை. அது உள்நாட்டு நிலையம். எனவே கண்டாச்சிபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போக விரும்புகிறவர் திண்டிவனம் வழியாக வடக்கே சென்னைக்குப் போய், அங்கே ஏடிஆர் ஏறி, 356 கி.மீ. தெற்கே பறக்க வேண்டும். புறப்பட்டு மூன்றில் ஒரு பங்கு வழியில் அந்த விமானம் புதுச்சேரிக் கரையை ஒட்டித்தான் போகும்.